முனகாத பம்ப்

ஒரு வாரமாக அந்த வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். மாமியாருக்குக் காலில் சுளுக்கு, ஆனாலும் சிரிப்பு. லிஃப்ட் மெக்கானிக்கான மகனுக்கு முதுகு வலி, ஆனாலும் சிரிப்பு. வீட்டில் சிட்டு என்று கூப்பிடப்படும் கடைக்குட்டி மகளுக்கோ கால் தரையில் பாவவே இல்லை.

அவளுடைய சுருட்டு பிடித்துக்கொண்டதல்லவா!

நடுவில் வந்து சேர்ந்தவர்கள் பதற வேண்டாம். இது புகைக்கிற சுருட்டு இல்லை. செயற்கைக்கோளை வானத்தில் தள்ளுகிற, சுருட்டு வடிவத்தில் ஒரு சின்ன மின் உந்தி. கைக்குள் அடங்கிவிடும். வாயுவை உள்ளே விட்டு மின்சாரம் கொடுத்தால் அந்த வாயு பிளாஸ்மாவாகி, நீலமாகக் கனன்று, முனை வழியாகச் சீறும். அது ஒரு பக்கம் சீறினால் உந்தி மறு பக்கம் தள்ளப்படும். தள்ளு என்றதும் லாரியைத் தள்ளுகிற கற்பனைக்குப் போய்விடக் கூடாது. உள்ளங்கையில் ஓர் உலர்ந்த திராட்சையை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவுதான். ஆனால் காற்றே இல்லாத உயரத்தில் அந்தத் திராட்சை பலம் நாள் கணக்காக விடாமல் தள்ளினால், ஒரு செயற்கைக்கோள் தன் பாதையிலிருந்து கீழே இறங்காமல் நிற்கும்.

நாலு வருஷமாக அதைச் செய்துகொண்டிருப்பவள் சிட்டு. அது எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பவள் அவளுடைய அண்ணி. ஒரே கம்பெனி, அடுத்தடுத்த அறை. செய்கிறவளும் அளக்கிறவளும் ஒரே வீட்டில் நாத்தனாரும் அண்ணியுமாக இருப்பது எப்படிப்பட்ட சுகம் என்று நம் கதையைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இன்னும் தேறல சிட்டு" என்று ஆபீஸில் அண்ணி சொன்னால், அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டதாக மாமியார் சொல்வார்.

போன வாரம் ஒரு நாள், அளவு எடுக்கத் தொடங்கிய நேரத்தில் மாமியாரிடமிருந்து போன். "வழுக்கி விழுந்துட்டேம்மா... எழுந்திருக்க முடியல." அண்ணி போட்டது போட்டபடி ஓடினாள். பெற்ற மகளை விட்டுவிட்டு நம்மைக் கூப்பிட்டாரே என்று பஸ்ஸில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் போன பிறகு சிட்டு தனியாக உந்தியைப் பற்ற வைத்தாள். நாலு வருஷம் போக்குக் காட்டிய தள்ளு எண் அன்றைக்கு வந்து நின்றது. கம்பெனி மேலாளர் அதை அன்றே, உந்தியை வாங்கப்போகிற செயற்கைக்கோள்காரர்களுக்கு அனுப்பியும் விட்டார்.

இன்று அவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள்.

காலையில் எல்லோரும் ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்த வீடியோவ இன்னொரு தடவை போடு" என்றார்.

"எத்தனை தடவைம்மா? தேஞ்சு போயிடப் போவுது" என்றான் மகன்.

"தேயட்டும். ஏன், உனக்கு வலிக்குதா?"

சிட்டு போனை நீட்டினாள். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், காற்று நீக்கிய இருட்டுத் தொட்டிக்குள், சுருட்டின் முனையில் நீலம் பூத்தது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று சிட்டுவின் குரல் கீச்சிட்டது.

"ஏய் சிட்டு, எங்க லிஃப்ட்ல ஷார்ட் ஆச்சுன்னா வர்ற நீலமும் அச்சு அசல் இதேதான். நாங்கதான் தெரியாம அணைச்சுக்கிட்டிருக்கோம்."

"வாயக் கழுவுண்ணா!"

"விடு, அவன் கிடக்கறான்" என்றார் மாமியார். "நான் விழுந்ததும் விழுந்தேன், உனக்கு நேரம் பொறந்துச்சு. பக்கத்துல நின்னு நொட்டை சொல்ல ஆள் இல்லேன்னா என் பொண்ணு எதைத்தான் சாதிக்க மாட்டா?"

சுவரைப் பார்த்துச் சொன்னதுதான். ஆனால் அது அடுப்படியில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அண்ணியின் முதுகில் வந்து விழுந்தது. அவள் தொடர்ந்து தடவினாள். இந்த ஒரு வாரத்தில் இது எத்தனையாவது என்று அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். அவளுக்கும் சந்தோஷம்தான். அதை நம்புவாரில்லை, அவ்வளவுதான்.

"ஒண்ணு கவனிச்சியாம்மா?" என்றான் மகன். "என்னா அமைதியா இருக்கு பாரு அந்த ரூம். எங்க இடத்துல வீடியோ எடுத்தா இரைச்சலைத் தவிர ஒண்ணும் கேக்காது."

வெண்ணெய்க் கத்தி ரொட்டியின் நடுவில் நின்றுவிட்டது.

அமைதியா?

அந்த அறை அமைதியாக இருக்கவே கூடாதே!

தொட்டிக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியே தள்ள இரண்டு பம்ப்புகள். ஒன்று நல்ல பிள்ளை, சத்தமே வராது. இன்னொன்றுக்கு முனகி என்று பெயர். பல்வலிக்காரன் மாதிரி விடாமல் முனகும். முனகுவது மட்டுமில்லை, லேசாக அதிரவும் செய்யும். உந்தி உட்கார்ந்திருக்கிற தராசோ, பக்கத்து அறையில் கதவு சாத்தினாலே துள்ளுகிற சாதி. அதனால் முதலில் முனகியை நிறுத்துவார்கள். பொடி எடைக்கற்களை நூலில் கட்டி இறக்கி, தராசு சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும், உந்தி துப்புகிற வாயுவை உறிஞ்ச முனகியும் வேண்டும் என்பதால், அதிர்வைப் பொறுத்துக்கொண்டு அதை மறுபடி ஓட விட்டு, அதற்கப்புறம்தான் உந்தியைப் பற்ற வைப்பார்கள்.

அன்று எடைக்கற்களைப் பார்த்து முடித்த கையோடுதான் போன் வந்தது. அண்ணி ஓடினாள்.

"இன்னொரு தடவை போடு சிட்டு" என்றாள் அண்ணி, திரும்பாமலே.

"பாருங்க, அண்ணிக்கே ஆசை வந்துடுச்சு!"

வீடியோ மறுபடி ஓடியது. சிட்டுவின் சிரிப்பு. மின்விசிறியின் கிறீச். அறைக்கு வெளியே யாரோ இருமுகிற சத்தம் கூடக் கேட்டது. முனகல் மட்டும் இல்லை.

புஸ்ஸென்று பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அண்ணி திரும்புவதற்குள் மாமியார் வந்து அடுப்பை அணைத்துவிட்டார். "புத்தி எங்க மேயுது? ஒரு பாலைப் பார்த்துக்கத் துப்பில்ல" என்றார். அந்த வசவுகூட அண்ணியின் காதில் ஏறவில்லை. அவள் காது இன்னும் அந்த வீடியோவுக்குள் இல்லாத சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரில் சிட்டுவின் பின்னால் உட்கார்ந்து போனாள். சிக்னலில் வண்டி நின்றபோது தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்.

"சிட்டு, அன்னைக்கு நான் போனப்புறம் முனகியைப் போட்டியா?"

"என்னது அண்ணி? ஹெல்மெட்ல ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமில்ல. போ."

கோழைத்தனம்தான். ஆனால் முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்த முதுகு அவ்வளவு நிமிர்ந்திருந்தது. பாரம் இறக்கி வைத்தவனுடைய முதுகு அப்படித்தான் நிமிரும். இறக்கிய மூட்டையை அவன் தலையில் திரும்ப ஏற்ற யாருக்கு மனசு வரும்?

சோதனை அறைக்குள் போனதும் அண்ணி திரையைப் போட்டாள். "அவங்க வர்றதுக்குள்ள ஒரு ஒத்திகை பார்த்துடலாம்" என்றாள். முனகி ஓடிக்கொண்டிருந்தது. சிட்டு உந்தியைப் பற்ற வைத்தாள். நீலம் பூத்தது. திரையில் கோடு ஏறியது, ஏறியது, நின்றது.

சிட்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஏன் இவ்வளவுதான் வருது?"

"இதுதான் சிட்டு வரும்."

"அன்னைக்கு வந்துச்சே!"

அண்ணி எழுந்து போய் முனகியை நிறுத்தினாள். அதன் குரல் இறங்கி, தேய்ந்து, அடங்க நேரம் பிடித்தது. அறை அமைதியானது, வீடியோவில் இருந்த அதே அமைதி. திரையில் கோடு மெல்ல எழும்பி, போன வாரத்து இடத்தில் போய் நின்றது.

சிட்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தொட்டிக்குள் மிச்சம் மீதி வாயு அதிகமாகக் கிடந்தால், உந்தி தனக்குக் கொடுத்தது போதாதென்று அதையும் விழுங்கித் துப்பும். தள்ளு கூடுதலாகக் காட்டும். வழியில் போகிற நாலு பேரையும் சேர்த்து மூட்டை தூக்க வைத்துவிட்டு, எல்லாம் என் தோளில்தான் வந்தது என்று கூலி கேட்கிற மாதிரி. மேலே வானத்தில் வழியில் போகிறவர் யாரும் இல்லை. அங்கே தன் தோள்தான்.

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள் சிட்டு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான் எங்க போட்டேன்? போன் வந்ததும் ஓடிட்டேனே."

"போடறது எப்பவும் நீங்கதானே?"

"போடறது நான். பத்த வைக்கறதுக்கு முன்னாடி கேக்கறது நீ."

அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். பற்ற வைக்கும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, "முனகி?" என்று கேட்பாள் சிட்டு. தொட்டியின் அந்தப் பக்கமிருந்து, "முனகுது" என்பாள் அண்ணி. அப்புறம்தான் விரல் அழுத்தும். அன்று அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து யார் கேள்வி கேட்பார்கள்?

"அண்ணி." சிட்டு அவள் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு ஒரு நாள். ஒரே நாள். அவங்க பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் நான் ராப்பகலா உக்காந்து நிஜமாவே அந்த எண்ணைக் கொண்டு வர்றேன். கொண்டு வந்துடுவேன் அண்ணி, என்னை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். கொண்டு வருவே."

"அப்புறம் என்ன?"

"கொண்டு வந்தப்புறம் காட்டலாம்."

"அதுவரைக்கும் இந்த ரூம் இருக்கணுமே! இவங்க வேணாம்னு போயிட்டா நாளைக்கே என் பிரிவை மூடிடுவாங்க. மேலாளர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு."

"அவங்க கோள் மேல போயி, தள்ளு போதாம கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சுன்னா? யாரு சுருட்டுன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

சிட்டு கையை விட்டாள். கொஞ்ச நேரம் அண்ணியின் முகத்தையே பார்த்தாள். பார்வையில் ஏதோ ஒன்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

"அம்மா சொன்னது சரிதான்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டால் அதில் என்னென்ன இருக்கும் என்று அண்ணிக்குத் தெரியாதா? பொறாமை. நாத்தனார் மேலே வரக் கூடாது என்கிற எண்ணம். குழந்தை இல்லாதவள் மனசு. எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. உண்மையைச் சொன்னால் அது உண்மையாகப் போய்ச் சேராது, அண்ணியின் குணமாகத்தான் போய்ச் சேரும். இந்த வீட்டில் இனி அவள் போடுகிற டீயில்கூட அது மிதக்கும்.

அண்ணி உந்தியை அணைக்கச் சொல்லிவிட்டு, முனகியை மறுபடி ஓட விட்டாள்.

செயற்கைக்கோள்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மா, அவருக்கு உதவிக்கு ஒருவர். கூடவே மேலாளர். அவருக்குச் சரிசரி என்று பெயர். கட்டடம் தீப்பிடித்தது என்று சொன்னாலும் முதலில் "சரி சரி" என்றுதான் சொல்வார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடு தெரியுமா?" என்று பெருமையாக அறிமுகம் செய்தார். "அண்ணியும் நாத்தனாரும்."

நரைமுடி அம்மா சிரித்தார். "அடிச்சுக்காம வேலை நடக்குதா?"

"சரி சரி" என்றார் மேலாளர், யாரும் பதில் சொல்வதற்குள்.

முனகியை நிறுத்தினார்கள். எடைக்கற்கள் நூலில் இறங்கின. ஒவ்வொரு கல்லுக்கும் தராசு பணிவாகத் தலைசாய்த்தது. நரைமுடி அம்மா ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையசைத்தார். கற்கள் மேலே ஏறின.

இப்போது சிட்டு கேட்க வேண்டும்.

தொட்டியின் இந்தப் பக்கம், முனகியின் பொத்தானுக்குப் பக்கத்தில் அண்ணி நின்றாள். அந்தப் பக்கம், பற்ற வைக்கும் பொத்தானில் விரலோடு சிட்டு. நடுவில் இரும்புத் தொட்டி. கேள், என்று அண்ணி மனசுக்குள் சொன்னாள். கேட்டுவிடு கண்ணு. நீ கேட்டு நான் பதில் சொன்னதாக இருக்கட்டும். நானாக வாய் திறக்கும்படி வைத்துவிடாதே.

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது. மூடிக்கொண்டது.

"ரெடி" என்றாள்.

"சரி சரி, பத்த வைக்கலாம்."

"கொஞ்சம் பொறுங்க" என்றது ஒரு குரல். தன் குரல்தான் என்று அண்ணிக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. "ஒரு பம்ப் இன்னும் போடல."

பொத்தானை அழுத்தினாள். முனகி தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெல்ல எழுந்தது. அது முழு வேகம் பிடிக்கும் வரைக்கும் அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிட்டுவின் பார்வை தன் உச்சந்தலையில் சுடுவது தெரிந்தது.

நீலம் பூத்தது. கோடு ஏறி, காலையில் நின்ற இடத்திலேயே நின்றது.

நரைமுடி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க அனுப்பினது வேற மாதிரி இருந்துச்சே?"

மேலாளர் வாயைத் திறந்தார். முதல்முறையாக அவரிடமிருந்து ஒரு சரி கூட வரவில்லை.

"அன்னைக்கு இந்தப் பம்ப் நின்னிருந்துச்சு" என்றாள் அண்ணி. "போட வேண்டியது நான். வீட்ல அவசரம்னு போடாமப் போயிட்டேன். அந்த எண்ணை எடுத்துக்காதீங்க. தப்பு என்னோடது. உந்தி செஞ்சவங்களோடது இல்ல."

சிட்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நரைமுடி அம்மா ஜன்னல் வழியாக அந்த நீலத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அழகாத்தான் எரியுது" என்றார். "யோசிச்சுத்தான் சொல்லணும்." யோசிப்பது என்றால் என்னவென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மாலையில் அண்ணி கீழே வந்தபோது ஸ்கூட்டர் நின்ற இடம் காலியாக இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள்.

கணவன் வாசலிலேயே மடக்கினான்.

"என்ன நடந்துச்சு? வந்ததுல இருந்து ரூம் கதவைத் திறக்கல அவ. கேட்டா, அண்ணியைக் கேளுங்கறா."

சொன்னாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"ஒரு நாள் சும்மா இருந்திருக்கக் கூடாதா நீ?"

"நீங்க இருப்பீங்களா? பிரேக் சரியில்லாத லிஃப்ட்டை ஓட்டலாம்னு சொல்லிட்டு இறங்கி வந்துடுவீங்களா?"

"மாட்டேன்." பெருமூச்சு விட்டான். "மாட்டேன்தான். ஆனா அவ என் தங்கச்சிடி. எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தெரியல. அம்மாவுக்கு வலி மருந்து தீந்துடுச்சாம், வாங்கிட்டு வர்றேன்." நிற்க இடம் தெரியாதவர்கள் கடைக்குப் போவது அந்த வீட்டில் புதிதில்லை.

"இங்க வா" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல்.

அண்ணி கட்டிலருகே போய் நின்றாள். மழை கொட்டட்டும், நனைந்துவிட்டுப் போவோம் என்றிருந்தது. ஆனால் மாமியார் கத்தவில்லை. தலையணை மேலிருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த பம்பு... நீ இருந்திருந்தா நின்னிருக்காதோ?"

"இருந்திருந்தா போட்டிருப்பேன் அத்தை. உங்க போன் வந்ததும் கையும் ஓடல, காலும் ஓடல. விட்டுட்டு வந்துட்டேன்." அவர் முகம் வாடியதைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தாள். "உங்களைச் சொல்லல. விழுந்தவங்க கூப்பிடாம என்ன செய்வாங்க? என்னைக் கூப்பிட்டீங்களே, அதுவே எனக்கு..."

முடிக்க முடியவில்லை.

மாமியார் எழுந்தார். கதவு வரை நடந்து போனார், வெளியே எட்டிப் பார்த்தார், சாத்தினார், திரும்பி நடந்து வந்தார். நொண்டவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. இரண்டு பாதமும் தரையில் ஒரே மாதிரி விழுந்தன.

காலையில் பால் பொங்கியபோது அடுப்பை அணைத்தது யார் என்பது அண்ணிக்கு இப்போதுதான் உறைத்தது.

"நான் விழல" என்றார் மாமியார்.

அண்ணி அவர் பாதத்தையே பார்த்தாள்.

"அண்ணி பக்கத்துல நின்னா கை நடுங்குதும்மான்னு ஒரு நாள் அழுதா அவ. தப்பா எதாவது பண்ணிடுவேன்னு பயந்தே தப்பு வருதுன்னா. ஒரே ஒரு தடவை நீ இல்லாம விட்டா வந்துடும்னு பட்டுச்சு. உன்னை எப்படி வரவழைக்கறதுன்னு தெரியல... பாத்ரூம்ல போய் உக்காந்துக்கிட்டு போன் பண்ணினேன். எண் வந்துடுச்சுன்னதும் நான் பண்ணது சரின்னு நினைச்சேன். பெத்தவ புத்தி." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "என் கையாலயே அவ சோத்துல மண்ணைப் போட்டுட்டேனா?"

அண்ணிக்கு பஸ் ஞாபகம் வந்தது. ஜன்னலோரம், தெரியாதவர் எல்லாம் பார்க்க, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தப் பயணம். பெற்ற மகளை விட்டுவிட்டு என்னை. ஆமாம், என்னைத்தான். என்னை அங்கிருந்து கிளப்பத்தான். இந்த ஒரு வாரம் இந்தக் காலுக்கு எத்தனை முறை ஒத்தடம் கொடுத்திருக்கிறாள்!

"சிட்டுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. தெரியவும் கூடாது." மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சா இந்த ஜென்மத்துல என் மூஞ்சில முழிக்க மாட்டா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், சொல்லிடாத. நீ ஆபீஸ்ல எதை வேணா சொல்லு. வீட்ல இதை மட்டும் விட்டுடு."

காலையில் மகள் பிடித்த அதே கை. அதே பிடி. அதே கெஞ்சல்.

கதவு திறந்தது. மாமியார் கட்டிலில் சாய்ந்து, காலைத் தலையணை மேல் ஏற்றிக்கொண்ட வேகம் அடுப்பை அணைத்த வேகத்துக்குக் குறைவில்லை.

சிட்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது, முடி கலைந்திருந்தது. அம்மாவைத் தாண்டி அண்ணியைத்தான் பார்த்தாள்.

"யோசிச்சுப் பார்த்தேன் அண்ணி. நீங்க எல்லாத்தையும் உங்க மேல போட்டுக்கிட்டீங்க. நான் மரம் மாதிரி நின்னேன். கேக்காம பத்த வெச்சது நான்தானே? இன்னைக்கும் கேக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்கு மேலாளர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"சிட்டு..."

"இருங்க. ஒண்ணு மட்டும் மண்டையைக் குடையுது. நமக்குள்ள எவ்வளவு சண்டை வந்தாலும் அந்தக் கேள்வியும் பதிலும் ஒரு நாளும் தப்பினதில்ல. அன்னைக்கு அந்த போன் மட்டும் வரலேன்னா நாம மறந்திருக்க மாட்டோம்தானே? சொல்லுங்க அண்ணி."

கட்டிலிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று கிளம்பியது. "ஸ்ஸ்... அம்மா..."

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்று சிட்டு அம்மாவின் பக்கம் பாதி திரும்பினாள். திரும்பியும் கண்ணை அண்ணியிடமிருந்து எடுக்கவில்லை.

ஒரு வீடியோவுக்குள் இல்லாத முனகலைக் கண்டுபிடித்த காது அது. இப்போது இருக்கிற முனகல் எப்படிப்பட்டது என்று அதற்கா தெரியாது?

அண்ணி குனிந்து, சரிந்துகிடந்த தலையணையை மாமியாரின் காலுக்கடியில் நேராக வைத்தாள். நிமிரவில்லை.

"நீ மதியத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல சிட்டு. முதல்ல சாப்பிடு. அப்புறம் சொல்றேன்."

அப்புறம் என்ற சொல் காதில் விழுந்ததும், தலையணை மேலிருந்த கால்விரல்கள் ஐந்தும் இறுக மடங்கிக்கொண்டன.